பேஸ் கிட்டாரில் சுருதி நிற்கவில்லையா? சாவிகளைக் கடைசியில் பாருங்கள்

பேஸ் சுருதி விலகினால் முதல் பழி தலைப்பகுதியில் கம்பியை இறுக்கும் சாவிகள் மேல்தான் விழும். பெரும்பாலும் அவை ஒன்றும் செய்திருக்காது. புதுச் சாவி வாங்கக் கிளம்பும் முன் இந்த வரிசையில் பார்த்துவிடுங்கள்.

படி 1: ட்யூனர்

சுருதி காட்டும் கருவி இது. அதில் ஏ = 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா? பொத்தான் தெரியாமல் அழுந்தி 442 ஆகியிருந்தால், தனியாக வாசிக்கும்போது உறுத்தாது. கீபோர்டோடு சேரும்போதுதான் இடிக்கும்.

தடித்த ஈ கம்பியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். மாட்டும் ட்யூனர், போன் மைக் இரண்டுமே இதில் திணறும், முள் அங்கும் இங்கும் தாவும். 12வது ஃப்ரெட்டின் உலோகப் பட்டைக்கு நேர் மேலே, கம்பியில் விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி போல ஒரு மேல்சுரம் வரும். அது 82 ஹெர்ட்ஸ். ட்யூனர் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஓங்கி மீட்டாதீர்கள்: சுரம் கொஞ்சம் ஏறித் தொடங்கி அப்புறம் இறங்கும்.

படி 2: கீழிருந்து மேலே

சுருதி தாண்டிவிட்டதா? நன்றாக இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் சாவியின் பற்சக்கரத்தில் தளர்வு மிஞ்சும். கொஞ்ச நேரத்தில் கம்பி நழுவும்.

படி 3: கம்பி

புதுக் கம்பி என்றால் 12வது ஃப்ரெட் அருகே மெல்ல இழுத்துவிட்டு, சுருதி சேர்த்து, அது இறங்காமல் நிற்கும் வரைக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். சாவித் தண்டில் இரண்டு மூன்று சுற்று, ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். அழுக்கேறிய பழைய கம்பியை மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்; இல்லாவிட்டால் ஐந்தாவது படி வீண் வேலை.

படி 4: நட்

சாவியைத் திருப்பும்போது ‘டிங்’ என்று சத்தம் கேட்டு சுருதி தாவுகிறதா? நட்டின், அதாவது கழுத்து தலைப்பகுதியோடு சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் பட்டையின், பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். அதிலும் தீராவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அதை மட்டும் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: வெறும் கம்பி சரி, மேலே போனால் அபசுரம்

இங்கேதான் ஆரம்பநிலையில் அதிகம் குழம்புகிறார்கள். 12வது ஃப்ரெட்டில் முதலில் அந்த மேல்சுரம், பிறகு அதே இடத்தில் சாதாரணமாக அழுத்தி ஒரு சுரம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அந்தக் கம்பியின் சாடிலை (கம்பி உட்காரும் சிறு துண்டு) பின்னால், அதாவது கழுத்தைவிட்டு விலக்கி நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் முன்னால். கம்பியைத் தளர்த்திவிட்டு, திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். நான்கு கம்பிக்கும் பொறுமையாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாடிலை எவ்வளவு நகர்த்தியும் கணக்கு சேரவில்லையா? பிக்கப் (கம்பிகளுக்குக் கீழே ஒலியை வாங்கும் காந்தப் பகுதி) கம்பிக்கு மிக அருகில் இருக்கிறதா பாருங்கள். காந்தம் கம்பியை இழுத்து சுரத்தைக் கெடுக்கும். கொஞ்சம் இறக்கினால் போதும்.

படி 6: சாவிகள்

இப்போது சாவிகளுக்கு வரலாம். பின்பக்கத் திருகுகளை இறுக்கிப் பாருங்கள், இற்றுப்போகும்வரை முறுக்க வேண்டாம். அப்படியும் தண்டு ஆடினால், அல்லது சாவி திரும்பியும் தண்டு அசையாவிட்டால், தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.