மலையகத்தில் சிறிய உணவுத் தொழில் தொடங்குவோருக்கு: எந்த உதவியை யாரிடம், எந்த வரிசையில் கேட்பது?

ஜாம், அச்சாறு, முறுக்கு, மிளகாய்த்தூள் என்று ஏதேனும் ஒன்றை நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் நமது தோட்டங்களிலும் நகரங்களிலும் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் அவர்களுள் பலர் முதலில் இயந்திரம் வாங்குகிறார்கள், அடுத்து லேபல் அச்சிடுகிறார்கள், கடைசியில்தான் அனுமதி கேட்டுப் போகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். ஏனெனில் ஆரம்பத்தில் தேவைப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலானவற்றை அரச அலுவலர்களிடமே கேட்டுப் பெறலாம்.

படி 1: பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலில் சந்தியுங்கள்

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திற்குச் சென்று, எந்த உணவை எந்த இடத்தில் தயாரிக்கப் போகிறீர்கள் என்பதை அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உங்கள் சமையலிடத்தைப் பார்வையிடப் போகிறவர் அவரே. ஆகவே சுவரும் தரையும் எப்படி இருக்க வேண்டும், கழிவு நீர் எங்கே போக வேண்டும், கை கழுவும் இடம் எங்கே அமைய வேண்டும் என்பதை ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்வது மிகச் சிறந்தது. உணவைக் கையாளுபவர்களுக்குரிய மருத்துவப் பரிசோதனை, தைபொயிட் தடுப்பூசி ஆகியவை பற்றியும் அப்போதே விசாரியுங்கள்.

தோட்டங்களில் தண்ணீர்தான் முதற் கேள்வியாக வரும். பீலித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும், மேலே கால்நடைத் தொழுவமோ லயத்துக் கழிவோ இருந்தால் அதில் கிருமி கலந்திருக்கலாம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியைப் பரிசோதித்து, அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இடத்துக்கான ஆவணம், பின்பு பெயர்ப் பதிவு

தனி நபர் வியாபாரத்தையும் பங்குடைமையையும் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும், இடம் உங்களுடையது அல்லது உங்களுக்கு வாடகைக்குத் தரப்பட்டது என்பதற்கான சான்றும் கேட்கப்படும். இரண்டாவது சான்றில்தான் மலையகத்தவர் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். லயத்து அறைக்கோ அதனுடன் சேர்த்துக் கட்டிய குசினிக்கோ காணி உறுதி கிடையாது. நிலம் தோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. எனவே தோட்ட முகாமையாளரிடம் எழுத்து மூல அனுமதியைக் கேளுங்கள், அவர் வாயால் சொன்ன சம்மதத்தோடு நின்றுவிடாதீர்கள். அது கிடைக்காவிட்டால், அருகிலுள்ள நகரத்தில் இருவர் மூவராகச் சேர்ந்து சிறிய அறையொன்றை வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தத்தை எழுதிக்கொள்வதே என் பார்வையில் பாதுகாப்பான வழி. படிவங்களைத் தமிழில் கேட்பதும் தமிழில் நிரப்புவதும் உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

பதிவுச் சான்றிதழ் கிடைத்ததும் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையில் வர்த்தக அனுமதிப்பத்திரத்திற்கு விண்ணப்பியுங்கள்.

படி 3: தொழில்நுட்பத்தை அறிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்

மலையகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய வளம், பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் உணவு ஆராய்ச்சிப் பிரிவு. பழம், மரக்கறி ஆகியவற்றைப் பதப்படுத்துவது பற்றிய பயிற்சிகளை அங்கு கேட்டறியலாம். திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையை 1920 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பிரதேச செயலகங்களோடு இணைந்த, கிராமங்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுசெல்லும் விதாதா வள நிலையங்களும் உணவுப் பதனிடலில் சிறு பயிற்சிகளை நடத்துகின்றன. வெதுப்பகத் தொழில் செய்ய விரும்புபவர் தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகளை விசாரிக்கலாம்.

பயிற்சியில் கற்ற அளவுகளை நமது உயரத்துக்கு ஏற்றபடி மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஜாமை 104 அல்லது 105 பாகையில் இறக்குமாறு கொழும்பில் அச்சிட்ட குறிப்பு சொல்லும். அதை நம்பி இங்கே காய்ச்சினால் ஜாம் கல்லாக இறுகிவிடும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பாருங்கள். அது காட்டும் அளவை விட 4 முதல் 5 பாகை கூடியதும் ஜாமை இறக்குங்கள். போத்தல்களைக் கொதிநீரில் இட்டுக் கிருமி நீக்குவதற்கோ இதற்கு நேர்மாறான திருத்தம் தேவை: தாழ்நிலத்தில் 10 நிமிடம் போதுமென்றால், நுவரெலியாவில் 16 நிமிடமாவது கொதிக்க வேண்டும். மூடுபனிக் காலத்தில் முறுக்கு சீக்கிரமே நமத்துப்போகும் என்பதால், பொரித்தவற்றை முழுதாக ஆறவிட்டு உடனே காற்றுப் புகாதபடி ஒட்டிவிடுவதும் அவசியம்.

படி 4: விலையைக் கணக்கிட்டபின் கடன்

தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் பணியாற்றுகிறார்கள். கைத்தொழில் அபிவிருத்திச் சபைக்கும் மாவட்ட அலுவலகங்கள் உண்டு. வியாபாரத் திட்டம் எழுதவும் கணக்குப் புத்தகம் வைக்கவும் இவர்களிடம் உதவி கேளுங்கள். போவதற்கு முன் ஒரு தடவைத் தயாரிப்புக்கான செலவை நீங்களே எழுதிக்கொண்டு போனால் உரையாடல் பயனுள்ளதாக அமையும். சீனியையும் பழத்தையும் எல்லோரும் எழுதுகிறார்கள். எரிவாயுவை ஊகமாகப் போடுகிறார்கள். சமைக்கும் முன்னும் பின்னும் சிலிண்டரைத் தராசில் வைத்து நிறுங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால், 12.5 கிலோ எரிவாயுவின் விலையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு செலவாகியிருக்கிறது. போத்தல், மூடி, லேபல், பஸ் கட்டணம், கடைக்காரரின் இலாபம், இவற்றோடு உங்கள் சொந்த உழைப்புக்கான கூலியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடன் வேண்டுமென்றால் பிரதேச அபிவிருத்தி வங்கி, மக்கள் வங்கி, இலங்கை வங்கி போன்றவற்றை முதலில் அணுகுங்கள். வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்து தவணை அறவிடும் குழுக்கடனால் நமது பெண்கள் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமல்ல. கடைக்காரர் பொருள் விற்ற பின்புதான் பணம் தருவார் என்றிருக்கும்போது, முதல் வாரமே தவணை தொடங்கும் கடன் இந்தத் தொழிலுக்குப் பொருந்தவே பொருந்தாது.

படி 5: லேபலும் அதற்கு அப்பாலும்

பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, எந்தத் தடவைத் தயாரிப்பு என்பதைக் காட்டும் தொகுதி இலக்கம், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் ஆகியவற்றின் வரைவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டித் திருத்திய பின்பே ஆயிரக்கணக்கில் அச்சிடுங்கள். காலாவதித் திகதியை ஊகித்து எழுதக் கூடாது. கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவற்றின் ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். தொடக்கக் கட்டத்தில் காசு கொடுத்தே பெற வேண்டிய சேவை ஒன்று உண்டென்றால் அது இதுதான். விற்பனைக்குப் பயன்படுத்தும் தராசு சரிபார்க்கப்பட்டு அரச முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும்.

சுப்பர் மார்க்கெட்டுகளுக்குப் பொருள் கொடுக்க முற்படும்போது இலங்கைக்குரிய 479 என்ற எண்ணில் தொடங்கும் பார்கோடு தேவைப்படும். அதை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரக் கடைகளில் உங்கள் பொருள் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வரை அந்தச் செலவு காத்திருக்கலாம். வேலைக்கு ஒருவரைச் சேர்த்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8 சதவீதமும் உங்களிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்களிடமிருந்து 3 சதவீதமும் செலுத்த வேண்டும் என்பதை விலைக் கணக்கில் அப்போதே சேர்த்துவிடுங்கள். வர்த்தக அனுமதிப்பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் முடிவடைவதால், புதுப்பிக்கும் கட்டணத்தைப் பண்டிகைக்கால விற்பனைப் பணத்திலிருந்து தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.