ஹவானாவில் ஒரு வீட்டு அறையில் தங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து ஒரு காலுறை பொத்தென்று என் முன்னால் விழுந்தது. உள்ளே வாசல் சாவி. மேலே எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா, திறந்துகொண்டு ஏறி வரும்படி கையாட்டினார். அந்தக் கட்டடத்தில் அழைப்பு மணி கெட்டுப்போய்ப் பல வருடமாகியிருந்தது. யார் வந்தாலும் சாவி இப்படித்தான் இறங்குமாம்.

கியூபாவின் தலைநகரில் குறைந்த செலவில் தங்க வேண்டுமென்றால் ஓட்டல்களை விட்டுவிட்டு 'காசா பர்த்திகுலார்' தேடுங்கள். தனியார் வீடு என்று பொருள். ஒரு குடும்பம் தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையையோ இரண்டையோ வாடகைக்கு விடும். சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்த பிறகு கியூபா கடும் பணமுடையில் தவித்தது. அப்போது பலர் சத்தமில்லாமல் செய்துவந்த இந்தத் தொழிலை 1997இல் அரசு சட்டபூர்வமாக்கி, உரிமமும் வரியும் விதித்தது. நீங்கள் கொடுக்கும் வாடகை நேராக அந்தக் குடும்பத்தின் கைக்குப் போகிறது என்பதற்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன். ஆனால் ஓட்டலில் தங்கும் மனநிலையோடு போனால் சிரமப்படுவீர்கள். ஒரு வீட்டுக்குக் குடிபோகும்போது என்னென்ன விசாரிப்போமோ, அதையெல்லாம் இங்கேயும் விசாரிக்க வேண்டும்.

படி 1: வட்டாரத்தை முடிவு செய்யுங்கள்

மூன்று இடங்கள் போதும். பழைய ஹவானா என்ற ஹபானா வியேஹா, அதை ஒட்டி மேற்கே சென்த்ரோ ஹபானா, அதற்கும் மேற்கே வெதாதோ.

பழைய ஹவானாவை 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கதீட்ரல் சதுக்கம், பிளாசா வியேஹா, ஒபிஸ்போ தெரு எல்லாம் நடக்கும் தூரம். ஆனால் பளிச்சென்று புதுப்பித்த சதுக்கத்திலிருந்து மூன்று தெரு தள்ளினால் முட்டுக்கொடுத்து நிற்கும் பால்கனிகளைப் பார்ப்பீர்கள். சென்த்ரோ ஹபானாவில் வாடகை கொஞ்சம் குறைவு, தெருச்சத்தம் அதிகம், மலெகோன் கடற்கரைச் சாலை பக்கத்திலேயே. அங்கே பழைய கட்டடங்கள் இடிந்து விழுவது உண்மையாகவே நடக்கிறது, குறிப்பாகப் பெருமழைக்குப் பிறகு. விரிசல் விட்ட பால்கனிக்குக் கீழே நிற்காதீர்கள். அப்படிப்பட்ட இடங்களில் உள்ளூர்க்காரர்களே நடுத்தெருவில் நடக்கிறார்கள். வெதாதோவில் மரநிழல், அகலமான வீதிகள், அமைதி உண்டு. வயதானவர்களோடு போகிறவர்கள் அங்கே தங்கலாம். முதல்முறை தனியாகவோ நண்பரோடோ போகிறீர்களென்றால் பழைய ஹவானாவே சரி.

படி 2: பணம் கட்டுமுன் கேளுங்கள்

வீட்டு அறைகளை வாடகைக்குப் பதிவுசெய்யும் இணையதளமான ஏர்பிஎன்பி 2015இல் கியூபாவுக்குள் வந்தது. அதில் தேடலாம், அல்லது ஏற்கெனவே போனவர்களிடம் வீட்டுக்காரரின் வாட்ஸப் எண்ணை வாங்கிப் பேசலாம். பெயரில் 'ஓஸ்தால்' என்று இருந்தால் அடுக்குக் கட்டில் போட்ட பொதுக்கூடம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அதுவும் வீட்டு அறைதான். வாடகை பொதுவாக அறைக்குத்தான், ஆளுக்கு அல்ல. இரண்டு பேர் போனால் பாதியாகிவிடும்.

படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் பதிவு செய்த அறையின் படத்தில் அழகான மரக்கதவும் வெள்ளைத் திரைச்சீலையும் இருந்தன. போய்த் திரையை விலக்கினால் பின்னால் சுவர். ஜன்னலே இல்லை. இரவு மின்சாரம் போனதும் ஒரு மணி நேரத்தில் தலையணை நனைந்துவிட்டது. மறுநாளே வீடு மாறினேன். இவற்றைக் கேட்டிருந்தால் அந்த இரவு மிச்சமாகியிருக்கும்:

ஜன்னல் எங்கே திறக்கிறது? தெருப் பக்கமா, உள்முற்றத்துப் பக்கமா? தெருப் பக்கம் என்றால் காற்றும் சத்தமும் வரும். முற்றம் என்றால் அமைதி, வெளிச்சம் குறைவு.

எந்த மாடி, எத்தனை படி? பழைய ஹவானா வீடுகளில் கூரை மிக உயரம். அதனால் ஒவ்வொரு மாடிக்கும் படிகள் கூடுதல், செங்குத்தாகவும் இருக்கும். உயரமான அறைகளில் பலர் நடுவே மரத்தளம் போட்டு இரண்டடுக்காக்கியிருக்கிறார்கள். இதை 'பர்பகோவா' என்கிறார்கள். உங்கள் கட்டில் அந்தத் தளத்தின் மேலேயா என்று கேளுங்கள். மேலே வெக்கை அதிகம், தலையும் இடிக்கும்.

தண்ணீர்த் தொட்டி உண்டா? குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருக்கள் நிறைய. வரும் நேரத்தில் மோட்டார் போட்டு மேலே ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள். கரண்ட் இல்லையென்றால் தண்ணீர் ஏறாது. நம் ஊர் அபார்ட்மென்டில் இருந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: மின்வெட்டு எவ்வளவு நேரம்? பேட்டரியில் ஓடும் விசிறி இருக்கிறதா? மருத்துவமனைக்குப் போகும் மின்பாதையிலேயே இணைந்த வீடுகளுக்கு வெட்டு குறைவு. அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் அதை முதல் வரியிலேயே பெருமையாகச் சொல்வார்கள். இரண்டு வீடுகளில் எதை எடுப்பது என்று குழம்பினால் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்யலாம்.

படி 3: காகிதங்கள்

சுற்றுலா விசா, கியூபாவில் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு, விமானம் ஏறுவதற்கு முந்தைய நாட்களில் இணையத்தில் நிரப்பும் 'தேவியாஹெரோஸ்' படிவம். இந்த மூன்றும் வேண்டும். படிவத்தில் தங்கும் இடத்தின் முகவரி கேட்பார்கள், அதனால் முதல் சில இரவுகளுக்காவது அறையை முன்பே உறுதி செய்துவிடுங்கள்.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 ஜனவரி 12 முதல் கியூபாவுக்குப் போய்வந்தவர்கள் அமெரிக்காவுக்கு 'எஸ்டா' அனுமதியில் (விசா இல்லாமல் போக இணையத்தில் வாங்குவது) போக முடியாது. முறையான விசா எடுக்க வேண்டும். அமெரிக்காவில் அண்ணன் தங்கை இருந்து அடிக்கடி போய்வருகிறவர்கள் டிக்கெட் எடுக்குமுன் இதை யோசியுங்கள்.

படி 4: பணம்

முழுச் செலவுக்கும் ரொக்கமாக எடுத்துப் போங்கள். யூரோ அல்லது டாலர், கிழியாத, எழுத்து எதுவும் இல்லாத நோட்டுகள், சின்ன மதிப்பில் நிறைய. அமெரிக்க வங்கி அட்டைகள் வேலை செய்யாது. மற்ற அட்டைகளையும் நம்பிப் போக வேண்டாம். வாடகையை எந்தப் பணத்தில் கொடுப்பது என்று முன்பே பேசி, வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டாலருக்கும் யூரோவுக்கும் வங்கி தரும் விலைக்கும் தெருவில் பேசப்படும் விலைக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதால், கியூப நாணயமான 'பெசோவில் இவ்வளவு' என்ற பேச்சு பிறகு மனத்தாங்கலில் முடியும்.

இன்னொன்று. 2021 வரை கியூபாவில் இரண்டு நாணயங்கள் இருந்தன. அதில் 'கன்வெர்திப்ளே' என்று அச்சிட்ட நோட்டுகள் இப்போது வெறும் காகிதம். சில்லறையாக யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

படி 5: வீட்டைக் கண்டுபிடிப்பது

ஹோசே மார்த்தி விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருக்கிறது. வீட்டுக்காரரிடமே டாக்சி அனுப்பச் சொல்லுங்கள், விலையையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹவானா முகவரி எழுதும் முறை வேறு. தெருப் பெயர், கதவு எண், பிறகு 'என்த்ரே' என்று போட்டு இரண்டு குறுக்குத் தெருக்களின் பெயர். 'ஒபிஸ்போ, என்த்ரே ஹபானா இ கொம்போஸ்தேலா' என்றால் ஒபிஸ்போ தெருவில், ஹபானா தெருவுக்கும் கொம்போஸ்தேலா தெருவுக்கும் நடுவில். கதவு எண்ணைவிட இந்த இரண்டு பெயர்களைத்தான் டாக்சிக்காரர் கேட்பார். கடைசியில் 'ஆல்தோஸ்' என்று இருந்தால் மாடி, 'பாஹோஸ்' என்றால் தரைத்தளம். சில தெருக்களுக்கு வரைபடத்தில் ஒரு பெயர், மக்கள் வாயில் வேறு பெயர்: வரைபடம் இத்தாலியா அவென்யூ என்று காட்டுவதை ஊரே கலியானோ என்கிறது. வரைபடத்தை இணையம் இல்லாமலே பார்க்கும்படி முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

வாசலில் வெள்ளைத் தகட்டில் நங்கூரம் போன்ற நீலக் குறி இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்க உரிமம் பெற்ற வீடு என்பதற்கு அதுதான் அடையாளம். தெருவில் சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து, 'அந்த வீடு நிரம்பிவிட்டது, அவர்கள்தான் என்னை அனுப்பினார்கள்' என்று சொல்லலாம். நன்றி சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். அவர் காட்டும் வீட்டில் அவருடைய தரகும் உங்கள் வாடகையில் சேரும். உண்மையிலேயே இடம் இல்லையென்றால் வீட்டுக்காரரே உறவினர் வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ போன் போட்டு அனுப்பிவைப்பார்.

படி 6: முதல் ஒரு மணி நேரம்

உள்ளே போனதும் வரவேற்பறையில் ஆடும் நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். சின்னக் கோப்பை, அடர்த்தியாக, சர்க்கரை தூக்கலாக இருக்கும். பிறகு கடவுச்சீட்டைக் கேட்டு ஒரு பெரிய பதிவேட்டில் விவரம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். இது சட்டம், குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களோடு வேறு யாராவது இரவு தங்கினால் அவர்களையும் பதிய வேண்டும். பதியாவிட்டால் மாட்டிக்கொள்வது அந்தக் குடும்பம்தான்.

குளியலறையைக் காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் ஷவரின் தலையிலேயே மின்சாரத்தால் தண்ணீரைச் சூடாக்கும் கருவி இருக்கும், ஒயர் வெளியே தெரியும். தண்ணீர் ஓடும்போது அதைத் தொடக் கூடாது. எப்படிப் போடுவது, அணைப்பது என்று வீட்டுக்காரரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மூலையில் ஒரு வாளியும் குவளையும் இருந்தால் நிம்மதி, எது போனாலும் குளித்துவிடலாம். கழிவறைக் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில் போடச் சொல்வார்கள், பழைய குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

சாக்கெட் அமெரிக்க மாதிரி, தட்டையான இரண்டு முனை, பெரும்பாலும் 110 வோல்ட். போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். நம் ஊர்க் கெட்டில் அங்கே சரியாகச் சூடேறாது. சில அறைகளில் ஏசிக்காக 220 வோல்ட் சாக்கெட்டும் இருக்கும், எது எது என்று கேட்டுவிட்டுச் செருகுங்கள்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு டமார் என்று ஒரு சத்தம் கேட்கும். துறைமுகத்துக்கு அக்கரையில் கபான்யா கோட்டையில் வெடிக்கும் பீரங்கி அது. ஹவானாவைச் சுற்றி மதில் இருந்த காலத்தில் கதவுகளை மூடும் நேரத்தை இப்படித்தான் அறிவித்தார்கள். மதில் போய்விட்டது, பீரங்கி நிற்கவில்லை.

படி 7: சாப்பாடு

காலை உணவுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள், வெளியே தேடி அலைவதைவிட நல்லது. கொய்யா, பப்பாளி, முட்டை, ரொட்டி, காபி. பப்பாளியை ஹவானாவில் 'ஃப்ருத்தா போம்பா' என்றுதான் சொல்ல வேண்டும். பப்பாயா என்றால் அங்கே கொச்சையான பொருள் உண்டு.

சைவக்காரர்கள் கவனியுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்றால் கோழி பரவாயில்லை என்று புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கறுப்பு பீன்ஸ் போட்ட சோறு பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம். 'சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேகா' (இறைச்சி, கோழி, கொழுப்பு எதுவும் இல்லாமல்) என்று எழுதியே காட்டிவிடுங்கள். அப்புறம் கவலையில்லை: அவித்த மரவள்ளிக்கிழங்கின் மேல் பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் காய்ச்சி ஊற்றிய 'யூக்கா கோன் மோஹோ', பொரித்த பழுத்த வாழைக்காய், சோறு. எனக்குப் பரிமாறிய அம்மா ஒவ்வொரு கரண்டிக்கும் 'மி அமோர்' என்றார். நம் பாட்டிகள் 'கண்ணு' என்பது போலத்தான் அது. குடிக்கக் காய்ச்சிய தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ மட்டும்.

படி 8: கரண்ட் போகும்போது

போகும். 2024 அக்டோபர் 18 அன்று மத்தான்சாஸில் உள்ள அந்தோனியோ கிதெராஸ் அனல்மின் நிலையம் நின்றதும் நாடு முழுவதும் இருண்டது. எரிபொருள் பற்றாக்குறை, பழசான மின்நிலையங்கள் என்று காரணங்கள் ஆழமானவை. எனவே பவர் பேங்க், தலையில் மாட்டும் டார்ச், சார்ஜ் செய்யும் சின்ன விசிறி, கொசு விரட்டும் களிம்பு இவை பெட்டியில் இருக்கட்டும். டெங்கு அங்கேயும் உண்டு. கரண்ட் இருக்கும்போதே எல்லாவற்றையும் சார்ஜில் போடுங்கள், வாளியை நிரப்புங்கள்.

'சே ஃபுவே லா லூஸ்', விளக்கு போய்விட்டது என்று யாராவது சொன்னதும் குடும்பம் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு பால்கனிக்கோ வாசலுக்கோ போகும். நீங்களும் போய் உட்காருங்கள். எதிர்வீட்டில் டோமினோ காய்களை மேசையில் அறையும் சத்தம் கேட்கும். கரண்ட் திரும்ப வந்ததும் தெரு முழுக்க ஒரே குரலாகக் கூச்சல் எழும்: 'வினோ லா லூஸ்!', விளக்கு வந்துவிட்டது!

படி 9: கிளம்பும் நாள்

டாக்சியை முந்தைய நாளே சொல்லிவைக்கச் சொல்லுங்கள், காலையில் போன் கிடைக்காமல் போகலாம். சாப்பாட்டுக் கணக்கை முதல்நாள் இரவே முடித்துவிடுங்கள். மீதமிருக்கும் சோப்பு, பற்பசை, பாராசிட்டமால், பேட்டரி எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அறையில் விட்டுப்போனால் மறந்துவிட்டீர்கள் என்று எடுத்து வைத்துக்கொண்டு, உங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.