கொண்டெய்னரில் விறகுப் பொயிலர்: மலையகத்தில் அமைக்கும் முறை

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துச் சிறிய ஹோட்டல்களும் விடுதிகளும் வெந்நீருக்கு விறகுப் பொயிலர் வைக்க நினைத்தால் முதலில் தட்டுப்படுவது இடம்தான். சரிவு நிலத்தில் பொயிலருக்கென்று ஒரு கட்டடம் எழுப்புவது பெரிய செலவு. பழைய 20 அடிக் கொண்டெய்னர் இரண்டு (ஒன்று பொயிலருக்கு, மற்றது விறகுக்கு) வாங்கி, வெட்டும் வேலை, வெல்டிங் வேலை எல்லாவற்றையும் கீழேயே முடித்து, லொறியில் ஏற்றி வந்து இறக்குவது நல்ல வழி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கப்பலில் போகும் சரக்கு நனையாமல் இருக்கத்தான் கொண்டெய்னரைக் காற்றுப் புகாமல் செய்திருக்கிறார்கள். நெருப்புக்கும் காற்று வேண்டும், விறகு காயவும் காற்று வேண்டும். பெட்டியை அப்படியே மூடி வைத்துப் பாவித்தால் பொயிலர் பெட்டியில் புகை திரும்பும், விறகுப் பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். கீழே வரும் வேலையில் பெரும்பகுதி இந்தப் பெட்டிகளை மூச்சுவிட வைப்பதற்கானது.

இங்கே சொல்வது 40 கிலோவாட் வெந்நீர்ப் பொயிலருக்கு. நீராவிப் பொயிலர் வேறு விஷயம். அது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும், தகுதியுள்ளவரின் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

எவ்வளவு விறகு வேண்டும்

20 அறைகள், நாளுக்கு 3,000 லீற்றர் வெந்நீர் என்று வைப்போம். 15 பாகையில் வரும் பீலித் தண்ணீரை 55 பாகைக்குச் சூடாக்க 140 கிலோவாட்-மணி வேண்டும். குழாயிலும் தாங்கியிலும் வீணாகும் சூட்டுக்கு 30 சேர்த்தால் 170. பொயிலரின் திறன் 80 வீதம் என்றால் விறகு கொடுக்க வேண்டியது 212 கிலோவாட்-மணி. நன்றாகக் காய்ந்த, 20 வீத ஈரமுள்ள விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட்-மணி தரும். ஆக நாளுக்கு 53 கிலோ.

அதே வேலைக்கு நேற்று வெட்டிய பச்சை விறகைப் போட்டால் கிலோவுக்கு 2.2 கிலோவாட்-மணிதான் கிடைக்கும். பொயிலரின் திறனும் 60 வீதத்துக்கு இறங்கிவிடும். நாளுக்கு 130 கிலோ எரியும், புகைக்குழாய் முழுக்கத் தார் படியும். விறகுப் பெட்டிக்குச் செலவழிக்கத் தயங்குபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொண்டெய்னர் வாங்கும்போது

உள்ளே அளவு 5.9 மீற்றர் நீளம், 2.35 அகலம், 2.39 உயரம். வெறும் பெட்டியே 2.3 தொன் வரும். 40 அடிப் பெட்டியை நினைக்கவே வேண்டாம். றம்பொடை வளைவுகளில் ஏறினாலும் தோட்டத்து ரோட்டில் திரும்பாது.

யார்டில் பார்க்கும்போது உள்ளே போய் நின்று, வெளியே ஓர் ஆளை நிறுத்தி, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். பிறகு கூரையைப் பாருங்கள்: ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் நட்சத்திரம் போலத் தெரியும். அடுத்து வெளியே வந்து குனிந்து, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். உள்ளே அரித்திருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். தரையில் இருப்பது 28 மில்லிமீற்றர் பிளைவூட். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் உள்ள தகட்டில் அந்த விபரம் இருக்கும். பொயிலரில் வைத்து அதை எரிக்கக் கூடாது, வெட்டும்போது முகமூடி போட வேண்டும்.

இடமும் அத்திவாரமும்

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் பிரதேச சபை அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்பார்கள். "பெட்டிதானே, கட்டடமில்லையே" என்று அதைத் தவிர்க்க வேண்டாம். விறகு நிறைந்த பெட்டி 9 தொன் வரும், அதை இறக்குவதற்காக நீங்கள் மலையை வெட்டப் போகிறீர்கள்.

வெட்டிய மண்ணில் பெட்டியை வையுங்கள். வெட்டி எடுத்துக் கொட்டி நிரப்பிய மண்ணில் வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே ஒரு மூலை இறங்கும். மூலை இறங்கினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், கதவு சாத்தாது, புகைக்குழாய் சாயும். பாரம் முழுவதும் நான்கு மூலை வார்ப்புகளில்தான், அதாவது பெட்டியின் மூலைகளிலுள்ள தடித்த இரும்புக் கட்டிகளில்தான், நிற்கிறது. மூலைக்கு ஒன்றாக 700 × 700 × 300 மில்லிமீற்றர் கொங்கிரீட் கட்டை போதும். மேல்மண்ணைத் தாண்டி உறுதியான மண் வரை தோண்டிப் போடுங்கள். பெட்டியின் அடி தரையிலிருந்து 200 மில்லிமீற்றராவது உயர்ந்து நிற்க வேண்டும். மேற்பக்கமாகக் கான் வெட்டி, மழைத்தண்ணீரைச் சுற்றித் திருப்பி விடுங்கள்.

கதவு எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை மழை தீர்மானிக்கட்டும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அங்கே தென்மேற்கைப் பார்த்துக் கதவோ காற்றுத் துவாரமோ வைக்கக் கூடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று, அங்கே எதிர்த்திசை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே 3 மீற்றர் விடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் ஒன்றையொன்று பார்க்கும் சுவர்களில் எந்த ஓட்டையும் வைக்காமல் உட்பக்கம் சிமெந்துப் பலகை அடியுங்கள்.

இன்னொன்று. மலையில் உங்கள் புகைக்குழாயின் உச்சி மேல் வரிசை வீட்டின் ஜன்னலுக்கு நேராக வரலாம். கட்டை போடுவதற்கு முன் ஒரு மூங்கிலை அந்த உயரத்துக்கு நட்டு, மேலே ஏறி நின்று பாருங்கள்.

பெட்டியை வெட்டும் வேலை

மூலைத் தூண்களையும், மேல்கீழ் நீளச் சட்டங்களையும் தொடவே கூடாது. நெளிவுள்ள பக்கச் சுவரும் பாரம் தாங்குகிறது. அதனால் கதவளவு வெட்டும்போது முதலில் 50 × 50 × 4 மில்லிமீற்றர் பெட்டிக் கம்பியில் சட்டம் செய்து சுவரில் வெல்ட் பண்ணி, பிறகு உள்ளே வெட்டுங்கள். வெட்டிவிட்டுச் சட்டம் தேடினால் சுவர் வளைந்திருக்கும்.

கொண்டெய்னரின் பெரிய கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. பொயிலர் பெட்டியில் பக்கச் சுவரில் 900 × 2,000 அளவில், வெளியே திறக்கும் ஆள்கதவு ஒன்று கட்டாயம். உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். விறகுப் பெட்டியின் பெரிய கதவிலும் பூட்டுக் கம்பிகளைக் கழற்றிவிட்டுச் சாதாரண கொளுக்கி போடுங்கள். ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே கம்பி விழுந்தால் கத்தினாலும் கேட்காது.

பொயிலர் நிற்கும் 2 × 2 மீற்றர் பகுதியில் பிளைவூட்டை எடுத்துவிட்டு, குறுக்குச் சட்டங்களின் மேல் 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு வெல்ட் பண்ணி, அதன்மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிரீட் போடுங்கள். சுவருக்கும் கூரைக்கும் 50 மில்லிமீற்றர் ரொக்வூல் (எரியாத கனிமப் பஞ்சு) வைத்துச் சிமெந்துப் பலகையால் மூடுங்கள். ரெஜிபோம் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உருகி எரியும், கரும்புகை கக்கும்.

பெட்டி முழுக்க இரும்பு என்பதால் நில இணைப்புக் கம்பியும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்சும் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி தொடங்கும் ஊர் இது. புகைக்குழாயையும் நிலத்தோடு இணையுங்கள்.

காற்று

இந்தப் பொயிலர் முழு வேகத்தில் மணிக்கு 12 கிலோ விறகு எரிக்கும். கிலோவுக்கு 7 கன மீற்றருக்கு மேல் காற்று வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அதே நெருப்புக்குக் கூடுதல் கன அளவு காற்று போக வேண்டும். பெட்டியின் கொள்ளளவோ 33 கன மீற்றர்தான். அதாவது உள்ளே இருக்கும் காற்று முழுவதும் இருபதே நிமிடத்தில் அடுப்புக்குள் போய்விடும். துவாரம் இல்லாமல் கதவைச் சாத்தினால் அடுப்பு புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கப் பார்க்கும். புகையும், காபன் மொனொக்சைட் என்ற மணமில்லாத நச்சுவாயுவும் உள்ளே இறங்கும்.

தரையோடு ஒட்டி 300 × 300 மில்லிமீற்றர் துவாரம் இரண்டு, எதிர்ச்சுவரில் கூரையோடு ஒட்டி ஒன்று. மழைச்சாய்வுத் தகடு போட்டால் பாதி இடம் அடைபடும், அதைக் கணக்கில் எடுத்தே இந்த அளவு. எலி வராமல் 6 மில்லிமீற்றர் கம்பிவலை போடுங்கள். நுளம்பு வலை போட்டால் சாம்பல் தூசி ஒரே மாதத்தில் அடைத்துவிடும். குளிர் என்று துவாரத்தில் சாக்கு அடைப்பவர்கள் உண்டு. அதனால் மூடமுடியாத துவாரமாகவே செய்யுங்கள். காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றை ஆள் முகமட்டத்தில் மாட்டுங்கள்.

புகைக்குழாயும் கூரையும்

இரட்டைச் சுவர்க் குழாய், உள் விட்டம் 180 மில்லிமீற்றர். உங்கள் பொயிலரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. அடுப்பிலிருந்து உச்சி வரை 6 மீற்றர் இருந்தால் இழுப்பு நன்றாக இருக்கும். கூரையில் ஓட்டை போட்டுச் சிலிக்கோன் பூசுவது ஒரு மழைக்காலம் தாங்காது. ஓட்டையைச் சுற்றி 150 மில்லிமீற்றர் உயரத்துக்கு இரும்பு வளையம் வெல்ட் பண்ணி, குழாயில் அதன்மேல் கவிழும் கூம்புத் தகடு பொருத்துங்கள். மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும்.

இரண்டு பெட்டிகளுக்கும் மேலாகச் சரிவான தகரக் கூரை போடுங்கள், 600 மில்லிமீற்றர் தாழ்வாரத்தோடு. மொத்த வேலையில் மிகவும் பிரயோசனமான செலவு இதுதான். கொண்டெய்னரின் தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கி அரிக்கும். இரவில் குளிர்ந்து உட்பக்கம் வியர்த்து, விறகின்மேல் சொட்டும். தகரக் கூரை இரண்டையும் வெகுவாகக் குறைக்கும்.

தண்ணீர்ப் பக்கம்

சூட்டைச் சேமிக்க 2,000 லீற்றர் தாங்கி வேண்டும். ஒரே தாங்கியாக வாங்கினால் உயரம் இடிக்கும். 1,000 லீற்றர் தாங்கி இரண்டு நல்லது. படுக்கவைத்துக் கொண்டுவந்து நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை உயரத்தைக் கணக்கிடுங்கள்: 0.79 மீற்றர் விட்டமும் 2.05 உயரமும் உள்ள தாங்கிக்கு 2.2 மீற்றர். உட்கூரை அடித்த பிறகு அந்த இடைவெளி போதாமல் போகலாம், ஆகவே தாங்கியை முதலில் ஏற்றிவிட்டுக் கூரையை அடியுங்கள்.

பொயிலருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 60 பாகைக்குக் குறையக் கூடாது. குறைந்தால் உள்ளே புகை வியர்த்துத் தார் கட்டும், தகடு அரிக்கும். இதற்கென்றே கலவை வால்வு இருக்கிறது. அதை வாங்காமல் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மின்வெட்டில் பம்பு நிற்கும், நெருப்பு நிற்காது. சூட்டில் விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் விரிவுத் தாங்கியைத் திறந்த வகையாக, பெட்டிக்கு மேலேயுள்ள சரிவில் 3 மீற்றராவது உயரத்தில் வையுங்கள். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். அதனால் வேலைச் சூட்டை 80 இல் வைத்து, 90 இல் அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடி நிற்குமாறு செய்யுங்கள். பீலித் தண்ணீர் மலையிலிருந்து தானாக வந்தால், குளிர்த்தண்ணீர் விட்டுப் பொயிலரின் சூட்டைத் தணிக்கும் வெப்ப வால்வையும் அதிலேயே இணைக்கலாம். 10 மீற்றர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் 1 பார் அமுக்கம் தரும், மின்சாரம் தேவையில்லை.

விறகுப் பெட்டி

பக்கத்துக்கு மூன்றாக, 1.2 மீற்றர் அகலமும் 1.5 உயரமும் உள்ள ஜன்னல்கள் வெட்டி, சட்டம் போட்டு, வலை அடியுங்கள். மழை அடிக்கும் பக்கத்துக்குச் சாய்வுத் தகடு. இப்போது அது பழைய விறகு மடுவம் போலவே காற்றோடும் இடமாகிவிடும்.

50 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, கையகலத்துக்குப் பிளந்த விறகை மூன்று வரிசையாக அடுக்கலாம்: ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, நடுவே 600 மில்லிமீற்றர் நடைபாதை. தரையிலிருந்து 100 மில்லிமீற்றர் உயர்த்தி, சுவரிலிருந்தும் 100 தள்ளி. மொத்தம் 16 கன மீற்றர், காய்ந்த கடின விறகென்றால் ஏறக்குறைய 6.4 தொன். நாளுக்கு 53 கிலோவென்றால் நான்கு மாதம் வரும். பொயிலர் பெட்டிக்குள் ஒரு நாள் விறகுக்கு மேல் வைக்கக் கூடாது.

யூக்கலிப்டஸ், கிரெவிலியா இரண்டும் உயரமான தோட்டங்களில் கிடைக்கும். கிளிரிசிடியா கீழ்ப்பகுதிகளில் நன்றாக வளரும். மேற்குச் சரிவில் ஜனவரியில் வெட்டிப் பிளந்து, மார்ச் வரையுள்ள வெயிலில் வெளியே அடுக்கி, மே மழைக்கு முன் பெட்டிக்குள் ஏற்றுங்கள். ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காய்ச்சல் காலம் உதவும். காற்றின் ஈரப்பதம் 85 வீதமாக இருக்கும்போது விறகு 15 வீதத்துக்குக் கீழே காயாது. ஆகவே மூடுபனி ஊரில் 20 வீதம் வந்தாலே அது நல்ல விறகு.

ஈரம் பார்க்க மானி வேண்டாம். விறகின் நடுவிலிருந்து 2 சென்ரிமீற்றர் துண்டு அறுத்து நிறுங்கள், 200 கிராம் என்று வைப்போம். சமையலறை அவனில் 103 பாகையில் வைத்து, நிறை குறைவது நின்றதும் மறுபடி நிறுங்கள். 150 கிராம் வந்தால் ஈரம் 25 வீதம். கடையில் விற்கும் மானி காய்ந்த நிறையை வைத்துக் கணக்கிடுவதால் அதே துண்டுக்கு 33 காட்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விறகுக்குப் பதிலாகப் பெலட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்) வைப்பதென்றால் இந்த ஜன்னல் பெட்டி சரிவராது, மூடிய பெட்டி வேண்டும். ஆனால் சேமித்த பெலட்டிலிருந்தே காபன் மொனொக்சைட் வெளியேறும். கதவைத் திறந்து அரை மணிநேரம் காற்றாட விட்டு, அலாரத்தோடுதான் உள்ளே போக வேண்டும், வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

சாம்பல் நாளுக்கு அரைக் கிலோ அளவில் வரும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வெளியே கொங்கிரீட்டில் மூன்று நாள் வையுங்கள். அணைந்தது போலிருக்கும் சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும். ஆறிய சாம்பலைத் தேயிலைக்குப் போடாதீர்கள். தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி, சாம்பல் காரம். கோவா, லீக்ஸ் பாத்திகளுக்குச் சுண்ணாம்பு இடும் இடத்தில் அளவோடு தூவலாம்.