ஃபோர்ஸ் உடையாமல் தடுப்பது எப்படி? அல்டிமேட் ஃபிரிஸ்பீ டிஃபென்ஸ், புதியவர்களுக்கு

ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் எறியத் தெரியும், 10 எண்ணுவதற்குள் டிஸ்க்கைக் கைவிட்டாக வேண்டும் என்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பெசன்ட் நகர் பீச்சில் புது டீம்கள் ஆடுவதைப் பாருங்கள். ஆளாளுக்குத் தன் ஆளை, அதாவது தான் காக்க வேண்டிய எதிரணிக்காரரை, துரத்திக்கொண்டு உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். ஆனாலும் பாயின்ட் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டத்தில் குறையில்லை, ஃபோர்ஸ்தான் இல்லை. எறிபவரை ஒரு பக்கமாக மட்டுமே எறிய வைப்பதுதான் ஃபோர்ஸ்.

படி 1: பக்கத்தை முடிவு செய்யுங்கள்

மைதானத்தின் ஒரு பாதியை மார்க்கர், அதாவது எறிபவர் எதிரே நின்று மறிப்பவர், அடைப்பார். மறு பாதியை மற்றவர்கள் காப்பார்கள். பாயின்ட் தொடங்குமுன் எந்தப் பாதிக்கு எறிய விடுகிறோம் என்று எல்லோர் காதிலும் விழ வேண்டும். 'ஃபோர்ஹேண்ட்', 'பேக்ஹேண்ட்' என்று கத்துவது எனக்குப் பிடிக்காது. பீச்சில் 'கடல்', 'ரோடு'. கிரவுண்டில் நம் பைகள் கிடக்கும் பக்கம் 'பை', எதிர்ப்பக்கம் 'மரம்'. யாருக்கும் குழப்பம் வராது.

கரைக்கு இணையாகக் கோடு போட்டிருந்தால் சாயங்காலக் கடல்காற்று குறுக்கே ரோட்டை நோக்கி அடிக்கும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு 'ரோடு' சொல்லுங்கள். டிஸ்க் ரோட்டோரக் கோட்டில் போய் மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து நடுவுக்குக் கொண்டுவர எதிர்க்காற்றில்தான் எறிய வேண்டும்.

படி 2: மார்க்கர்

முழங்காலை மடக்கி, அடைக்க வேண்டிய பக்கத்தில் நில்லுங்கள். எறிபவர் போலியாகக் கையை வீசும்போதெல்லாம் பாயாதீர்கள். உரக்க எண்ணுங்கள், முதுகு காட்டி ஓடும் நம் ஆட்களுக்கு அந்தச் சத்தம்தான் தகவல்.

படி 3: மற்றவர்கள் நிற்கும் இடம்

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். தன் ஆளுக்கும் டிஸ்க்குக்கும் நேர் நடுவில் நிற்கத்தான் மனசு சொல்லும். அப்படி நின்றால் இரண்டு பக்கத்தையும் காக்கப் பார்த்து இரண்டையும் விட்டுவிடுவீர்கள்.

ஃபோர்ஸ் 'ரோடு' என்றால் உங்கள் ஆளுக்கு ரோட்டுப் பக்கமாக இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். உடம்பைச் சாய்வாகத் திருப்பினால் ஒரு கண்ணில் ஆள், ஒரு கண்ணில் டிஸ்க். இரண்டும் தெரியாவிட்டால் ஆளைப் பாருங்கள். அவர் கடல் பக்கம் ஓடினால்? பின்னாலேயே போங்கள், ஆனால் பதறி முந்தப் பார்க்காதீர்கள். அந்த வழியை மார்க்கர் அடைத்திருக்கிறார். அவர் ரோட்டுப் பக்கம் திரும்பும் அந்த நொடிக்காகத்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்.

மார்க்கரைத் தாண்டி டிஸ்க் போய்விட்டால் 'பிரேக்!' என்று கத்துங்கள். எல்லோரும் பக்கம் மாற வேண்டும். டிஸ்க் கையை விட்டுக் கிளம்பியதும் 'அப்!'. கூச்சப்படுகிற டீம் டிஃபென்ஸ் ஆட முடியாது.

இதை விளக்க மொபைல் ஆப், ஒயிட்போர்டு எதுவும் வேண்டாம். கழற்றிப்போட்ட செருப்புகளை மணலில் அடுக்கி நகர்த்திக் காட்டுங்கள், சட்டென்று புரியும். டிஸ்க் மட்டும் 175 கிராமாக இருக்கட்டும். பொம்மைக் கடைத் தட்டு காற்றில் போகிற போக்கை வைத்து எந்த டிஃபென்ஸும் பழக முடியாது.

படி 4: ஸோன், பிறகு

ஸோன் என்றால் ஆளுக்கு ஆள் இல்லாமல் இடத்தைக் காப்பது. அதில் மூன்று பேர் எறிபவரைச் சுற்றி 'கப்' அமைப்பது பார்க்க அழகுதான். ஏழு பேர் ஆட்டத்தில், காற்று பலமாக இருக்கும் நாளில் நன்றாக வேலை செய்யும். ஐந்து பேர் ஆடும் பீச்சில் மூன்று பேர் கப்புக்குப் போனால் பின்னால் மிஞ்சுவது இரண்டே பேர். முதல் மூன்று படி கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 1: 'எதிரணியில் இடதுகைக்காரர் இருந்தால்?' என்று கேட்டிருந்தார்கள். அவருடைய ஃபோர்ஹேண்ட் மறுபக்கம். 'ஃபோர்ஹேண்ட்' என்று சொல்லிப் பழகிய டீமில் அவர் கைக்கு டிஸ்க் வந்ததும் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம் நிற்பார்கள். 'ரோடு' யார் எறிந்தாலும் ரோடுதான்.

பின்சேர்க்கை 2: கப் போட்டதும் எதிரணி 'டபுள் டீம்' என்று விதிமீறல் கூப்பிடுகிறார்களாம். மார்க்கரைத் தவிர வேறு யாரும், தன் ஆள் பக்கத்தில் இல்லாமல், எறிபவருக்கு 3 மீட்டருக்குள் நிற்கக் கூடாது. கப்பின் மற்ற இருவரும் மூன்று பெரிய எட்டு தள்ளியே நிற்கட்டும். கூப்பிட்டுவிட்டால், நடுவர் இல்லாத ஆட்டம் இது, வாதாடாமல் விலகுங்கள். மார்க்கர் கடைசியாகச் சொன்ன எண்ணில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு எண்ணைத் தொடர வேண்டும்.