கர்ப்ப காலத்தில் கொரோனா வந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கர்ப்பமாக இருக்கும்போது பாசிட்டிவ் என்று வந்ததும் வீட்டில் எழும் முதல் குரல், "மாத்திரை கீத்திரை போட்டுடாதே, பிள்ளைக்கு ஆகாது." பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலேயே சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் ஆறு மாதம் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர், அதிக எடை உள்ளவர்கள் விஷயத்தில் நோய் முற்றவும் குறைப்பிரசவம் ஆகவும் வாய்ப்பு கூடுதல். மருந்துக்குப் பயந்து காய்ச்சலோடு கிடப்பதுதான் பிள்ளைக்கு ஆகாது.

முதலில் செக்கப் பார்க்கும் டாக்டருக்கோ கிராமத்து நர்ஸம்மாவுக்கோ போன் போடுங்கள். நேராகப் போய் மற்ற கர்ப்பிணிகளோடு ஓபி வரிசையில் உட்கார வேண்டாம்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போடலாம். 650 மி.கி. என்றால் ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பக்கமே போகாதீர்கள், 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். அதற்காக, பிரஷர் வராமலிருக்க டாக்டர் எழுதிய சின்ன டோஸ் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. 2021-ல் பலரும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிய ஃபேவிபிராவிர் என்ற வைரஸ் மருந்து கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. கபசுரக் குடிநீரா? டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற அண்டாவின் மேல் வயிற்றோடு குனிவது வைரஸைக் கொல்லாது, சுட்டுக்கொள்வதுதான் மிச்சம்.

அப்புறம் பல்ஸ் ஆக்சிமீட்டர், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் மெஷின். மற்றவர்களுக்கு 94 பரவாயில்லை என்பார்கள், கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்கினாலே ஆஸ்பத்திரிதான், ஏனென்றால் குழந்தைக்கும் அந்த ரத்தம்தான் ஆக்சிஜன் கொண்டுபோகிறது. வளைகாப்புக்கு வைத்த மருதாணியோ நெயில் பாலிஷோ விரலில் இருந்தால் மெஷின் தப்பாகக் காட்டலாம், கை ஜில்லென்று இருந்தாலும் அப்படித்தான். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, சுத்தமான விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் அசையாமல் உட்காருங்கள்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குவது கர்ப்பத்தில் சகஜம். உட்கார்ந்த இடத்திலேயே வாங்கினால், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால், அது சகஜமில்லை. நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, ரத்தப்போக்கு, நீர் உடைதல், ஒற்றைக் கால் வீங்கி வலித்தல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கால் வீக்கத்தைச் சொல்லக் காரணம், கர்ப்பத்திலேயே ரத்தம் உறைவது அதிகம், கொரோனா அதை இன்னும் கூட்டும். அதனால் நன்றாகத் தண்ணீர் குடித்து, அறைக்குள்ளேயே அவ்வப்போது நடந்துகொண்டிருங்கள்.

28 வாரத்துக்கு மேல் அசைவைக் கவனிப்பது முக்கியம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு தெரியவில்லை, அல்லது வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றுகிறது என்றால் உடனே கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள், குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. அதேபோல் கொரோனா என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை. பிறந்த பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் மாட்டிக்கொண்டு தாராளமாகப் பால் கொடுக்கலாம். மாஸ்க் உங்களுக்கு மட்டும்தான், குழந்தைக்குப் போட்டால் மூச்சு முட்டும், பாசத்தில் யாராவது குட்டி மாஸ்க் வாங்கி வந்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.