காயலான் கடை சைக்கிளை டபுள்ஸ் போகத் தயார் செய்வது எப்படி?

28 இஞ்ச் வீலும், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற கம்பி பிரேக்கும் வைத்த பழைய கறுப்பு சைக்கிள்கள் இன்னமும் காயலான் கடைகளில் எடைக்குக் கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போகிற மாதிரி தயார் செய்யலாம். நான் தினமும் ஓட்டுவது அப்படி எடுத்த சைக்கிள்தான். பெயிண்ட், பெல் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆள் ஏற்றுகிற சைக்கிளுக்குப் பின் வீல், பிரேக், உட்காருபவரின் கால், இந்த மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

கடையிலேயே ஃபிரேமை நன்றாகப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்திலும் பெடல் அச்சைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம், விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது முன் ஃபோர்க் பின்னோக்கி மடங்கியிருந்தால் எங்கேயோ மோதிய வண்டி, அதுவும் வேண்டாம். மேல் துரு பரவாயில்லை. ஃபிரேம் நம்பரைக் குறித்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், திருட்டு சைக்கிளாக இருந்தால் வம்பு.

அடுத்தது ஓவராயில். முன் வீல், பின் வீல், பெடல் அச்சு, ஹேண்டில் நான்கையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். பிரிக்கும்போதே எந்தப் பக்கம் எத்தனை பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) என்று எண்ணி எழுதி வையுங்கள், அவை உருளும் கப்பும் கோனும் குழி விழாமல் இருந்தால் புது பால்ஸ் மட்டும் போட்டு கிரீஸ் வைத்தால் போதும். இடது பெடலின் மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் முட்டி மோதி மரையைக் கெடுத்தவர்கள் நிறைய பேர். பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைக்கும் காட்டர் பின்னை அடித்துக் கழற்றும்போது எதிர்ப்பக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள், திரும்பப் போடும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் பெடல் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. கோன் அதிகமாக இறுகிவிட்டதா என்று பார்க்க வீலைத் தூக்கி விடுங்கள்: வால்டியூப் இருக்கும் பக்கம் தானாகக் கீழே வந்து நின்றால் சரி.

இப்போது பின் வீல். முன்னால் 32 ஸ்போக்ஸ், பின்னால் 40. பாரம் பின்னால்தான் என்று தெரிந்தே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுகிய கம்பி ‘டிங்’ என்று சொல்லும், லூசானது ‘டப்’ என்று செத்த சத்தம் போடும். லூசானவை நாலைந்துக்கு மேல் இருந்தாலோ ரிம் ஆடினாலோ சைக்கிள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துவிடுங்கள், அது கைப்பழக்கத்தில் வரும் வேலை.

பின் வீலில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃபிரீவீலையும் மாற்றுவது நல்லது. பொதுவாக 18 பல் இருக்கும். முன்னால் 44 பல் என்றால் ஒரு மிதிக்குச் சுமார் 5.4 மீட்டர் போகும். 22 பல் ஃபிரீவீல் போட்டால் 4.4 மீட்டர்தான், ஆனால் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது முழங்கால் நன்றி சொல்லும். செயினில் ஒரு ஜோடி கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம்.

கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்பக்கம் உரசி நிற்கும். புதுக் கட்டை போடுங்கள், ரிம்மில் குரோம் உரிந்திருந்தால் ரிம்மையே மாற்றுங்கள். மழையில் இந்த பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துவிட்டு அப்புறம் இறுக்கிப் பிடியுங்கள்.

இனி கேரியர். மெல்லிய கம்பி கேரியர் டிபன் பாக்ஸுக்குத்தான். ஆள் உட்கார, தாங்கு கால்கள் பின் அச்சில் போல்ட்டாகிற கனமான கேரியர் வேண்டும். மேலே பலகை, அதன் மேல் ஃபோம், ரெக்ஸின் உறை.

கால் விஷயத்தில் மட்டும் சோம்பல் படாதீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் தங்கையை டபுள்ஸ் வைத்துப் போனபோது அவள் குதிகால் ஸ்போக்ஸுக்குள் போய்விட்டது. வீல் சட்டென்று நின்றது, அப்புறம்தான் அவள் கத்தினாள். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதனால் என் சைக்கிளில் முதலில் மாட்டியது இரண்டு பக்கமும் மடக்கும் ஃபுட்ரெஸ்ட். பிறகு கேரியர் காலிலிருந்து மட்கார்டு கம்பி வரை, சின்னக் கண் உள்ள பிளாஸ்டிக் வலையை வெட்டி, கேபிள் டை போட்டு இறுக்கினேன். சேலையோ துப்பட்டாவோ சிக்காமலிருக்கவும் இதுவே போதும். பிள்ளை பிடித்துக்கொள்ள சீட்டுக்கு அடியில் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டால் உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்காது. தலைக்கு அளவான ஹெல்மெட், பின்னால் ஒரு சிவப்பு விளக்கு.

ஆளை ஏற்றும் முன் 25 கிலோ அரிசி மூட்டையைக் கேரியரில் இறுக்கிக் கட்டி, காலியான தெருவில் நாலு சுற்றுப் போங்கள். திருப்பத்தில் வால் ஆட்டுகிறதா, பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று பாருங்கள். பாரம் பின்னால் போகும்போது முன் வீல் லேசாகிவிடும், ஹேண்டில் பழக ஒரு நாள் ஆகும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். அந்த 40 ஸ்போக்ஸையும் இன்னொரு முறை தட்டிக் கேளுங்கள், புதிதாக ஒன்றிரண்டு ‘டப்’ கட்டாயம் இருக்கும்.