ஊர்ச் சங்கத்தின் கல்வி அறக்கட்டளைக்குக் கொடுப்பது எப்படி: மார்ச் ரசீது முதல் உயில் வரை

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் குடியேறியவர்கள், நல்லது கெட்டதுக்கு ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதற்காக அமைத்துக்கொண்ட ஊர்ச் சங்கங்களில் சில, இன்று கல்வி அறக்கட்டளைகளையும் நடத்துகின்றன. அப்படி ஒன்றின் கணக்குப் புத்தகத்தைச் சில ஆண்டுகள் என் கையில் வைத்திருந்தேன். முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நவி மும்பைக்கும் வீடு மாறிப்போன உறுப்பினர்கள், என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்று அடிக்கடி கேட்ட கேள்விகளுக்கான பதில்களே இவை.

முதலில் சரிபார்க்க வேண்டியது பெயர். சங்கம் வேறு, அதன் அறக்கட்டளை வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவும் தனித்தனி வங்கிக் கணக்கும் இருக்கலாம். மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், காசோலை எழுதும் முன் பதிவுப் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒழுங்காக நடக்கும் அறக்கட்டளை அந்த எண்ணை ரசீதிலேயே அச்சிட்டிருக்கும்.

வரிச் சலுகையைப் பொறுத்தவரை, இத்தகைய அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் பொதுவாகப் பாதிக்கே கழிவு கிடைக்கும். 20,000 ரூபாய் கொடுத்தால் வருமானத்தில் 10,000 குறையும், அதற்கும் மொத்த வருமானத்தின் அடிப்படையில் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கழிவே கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை அறவே இல்லை. அறக்கட்டளை வருமான வரித் துறையிடம் உங்கள் பான் எண்ணோடு கணக்குக் காட்டி, அதன்பின் தரும் சான்றிதழ்தான் செல்லுபடியாகும் என்பதால், கையெழுத்து ரசீதோடு நின்றுவிடாதீர்கள். இந்தக் கழிவுக்கான சட்டப் பிரிவை எல்லோரும் 80ஜி என்றே சொல்லிப் பழகியிருந்தாலும், 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டர் வேறு எண் சொன்னால் குழம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மூலம் அனுப்பலாமா என்று பலர் கேட்பார்கள். துபாயில் வேலை பார்க்கும் மகன் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகள், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. வெளிநாட்டு நன்கொடைகளுக்கான சட்டமான எஃப்சிஆர்ஏவின்கீழ் பதிவு இல்லாத அறக்கட்டளை அவரிடமிருந்து வாங்கினால் குற்றம். நல்ல எண்ணத்தில் அனுப்பிய பணம் அறங்காவலர்களை மாட்டிவிடும்.

இவையெல்லாம் தாளில் உள்ள விதிகள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது காலத்தைப் பற்றியது. வரிக்கணக்கு முடிகிற மார்ச் கடைசி வாரத்தில் பணம் வந்து குவியும். பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதோ ஜூனில். மே மாதத்தையொட்டிப் பத்தாம் வகுப்பு முடிவு வந்து, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கி, மழையும் பிடித்துக்கொள்ளும் அந்த நாட்களில் கட்டணம், சீருடை, பாடப்புத்தகம், ரயில் பாஸ், மழைக்கோட்டு எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை 12,000 தருகிறவரை விட, மாதம் 1,000 ரூபாய் வங்கியிலேயே தானாகப் போகும்படி ஏற்பாடு செய்தவரை நம்பித்தான் ஒரு மாணவிக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுவதற்கும் வாக்குக் கொடுக்க முடியும். பணத்தோடு நிபந்தனையும் சேர்த்து அனுப்புகிறவர்களும் உண்டு. ‘பொறியியல் படிப்பவருக்கு மட்டும்’ என்று எழுதிய தொகை, அந்த ஆண்டு அப்படி ஒருவரும் விண்ணப்பிக்காததால் வங்கியில் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது ஆள். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. ஆனால் உயர்நிலை வகுப்புக்குப் போகும்போது வேறு பயிற்றுமொழிக்கு மாற நேரும் பிள்ளைகள் பலர். கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளை, கேள்வி ஆங்கிலத்தில் இருப்பதால் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், அந்த ஒரு ஆண்டை மட்டும் கடத்திவிடுகிற அளவுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்த தமிழர் கிடைத்தால் அவரை நாங்கள் விடவே மாட்டோம்.

விண்ணப்ப வேலையும் அதே அளவுக்கு முக்கியம். மாநில அரசின் உதவித்தொகைகளுக்கு மஹாடிபிடி என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தின் வருமானச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் கேட்பார்கள். சாதிச் சான்றிதழில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பட்டியல் சாதியினர் என்றால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பும், இதர பிற்படுத்தப்பட்டோர் என்றால் 1967 அக்டோபர் 13க்கு முன்பும் குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டும். தாத்தா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தது எல்லோருக்கும் தெரியும், காகிதம்தான் இருக்காது. பழைய ரேஷன் அட்டை, பள்ளியை விட்ட சான்றிதழ் என்று டிரங்குப் பெட்டியைக் குடைந்து தேடித் தருவதற்கு ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் போதும். அப்படியும் கிடைக்காத பிள்ளைக்கு அரசு உதவி எட்டாது என்பதால்தான் அறக்கட்டளையின் பணம் அங்கே போகிறது. தொண்டு செய்ய வருகிறவர் பிள்ளைகளோடு தனியறையில் இருக்கக் கூடாது என்பதும், உதவி பெறும் பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்.

பெரிய தொகை தருபவர்கள், ‘இது நிலைநிதிக்கு’ என்று எழுத்தில் கொடுத்தால், முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவார்கள். 5 லட்சத்துக்கு ஆறரை சதவீதம் வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 32,500 ரூபாய். அம்மா பெயரில் உதவித்தொகை வைக்க விரும்புகிறவர்களுக்கு இது ஏற்ற வழி. ஆனால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், வட்டி ஏறாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயில் எழுத வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அறக்கட்டளைப் பொறுப்பாளர்களைச் சாட்சியாக வைக்காமலிருப்பது நல்லது. ஒரு பெரியவர் ‘என் ஊர்ச் சங்கத்துக்கு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் மனத்தில் இருந்தது பிள்ளைகளின் படிப்பு. எழுத்தில் இருந்தது சங்கம். அதைத் தீர்க்க எங்களுக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. ஆகவே பதிவுப் பெயர், பதிவு எண், பான் மூன்றையும் உயிலில் எழுதுங்கள். தொகையாக எழுதுவதைவிட, கடனும் குடும்பத்தினர் பங்கும் போக எஞ்சுவதில் இத்தனை சதவீதம் என்று எழுதினால் விலைவாசி அதைத் தின்றுவிடாது. இஸ்லாமியத் தனிச்சட்டத்தின்கீழ் வருபவர்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது.

வீட்டைக் கொடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹவுசிங் சொசைட்டியில் நாமினி போட்டுவிட்டதால் வீடு அவருக்குப் போய்விடாது. நாமினி பொறுப்பாகப் பெற்றுக்கொள்பவர், உரிமை உயிலின்படியோ வாரிசுரிமைப்படியோதான். அறக்கட்டளைக்கு வந்த அசையாச் சொத்தைப் பின்னர் விற்பதென்றால் சாரிட்டி கமிஷனரின் அனுமதி வேண்டும். அதற்குள் பராமரிப்புத் தொகை ஏறிக்கொண்டிருக்கும். எனவே வீட்டை விற்று அதன் பணத்தைக் கொடுக்கும்படி உயிலை நிறைவேற்றுபவருக்கு அதிகாரம் எழுதிவைப்பது மேல். எழுதியதைப் பிள்ளைகளிடம் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். மூல உயில் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அறக்கட்டளைச் செயலாளருக்கு ஒரு கடிதத்தில் தெரிவித்து, அதன் நகலில் அவருடைய கையெழுத்தை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.